பழைய நோயை வைத்தியரிடம் மறைக்கலாமா?

மலத்தோடு இரத்தம் போனால் மூலவியாதி என்று கைமருந்து பார்ப்பது எமது கிராமங்களில் வழக்கம். பலவேளை அது மூலம்தான். ஆனாலும் காட்டித்தான் அறியவேண்டும். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

பெருங்குடலில் காணப்படும் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேயே தோன்றியது. அரிதாக மார்பு, சூலகம், இரைப்பை முதலியவற்றிலிருந்தும் அது பரவி வரும். மார்புப் புற்றுநோயில் ஒருவகை, சத்திரசிகிச்சை முடிந்து பத்து வருடங்களின் பின்னரும் குடலில் தலைகாட்டுவதுண்டு. மலவாசல் வழியே கமெராக் குழாய் செலுத்திப் பார்க்கும் வைத்தியருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆகவே சிறு துண்டு எடுத்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். விசேட சாயங்கள் அக்கலங்கள் எந்த உறுப்பிலிருந்து வந்தவை என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பழைய நோயைப் பற்றித் தெரிந்தால்தானே அந்தச் சாயங்களைப் போட நினைப்பார்கள்! மார்பிலிருந்து வந்ததெனில் குடலை வெட்டாமல், ஓமோன் குளிசை போன்ற மருந்துகளாலேயே சிகிச்சையைத் தொடங்கவும் கூடும்.

காணி உறுதியையே விட்டுவிட்டு ஓடிவந்தோம், பழைய அறிக்கைக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயந்தான். காகிதம் இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த உறுப்பு. மார்பில் வந்த நோயென்று கூச்சப்பட்டு மறைக்கும் தாய்மாருக்கு இதை விசேடமாகச் சொல்கிறோம்.