காத்திருப்புக்கும் வலி உண்டு

பாதத்தின் மேல் ஒரு மின்முனை ஒட்டப்பட்டிருக்கிறது. படுத்திருப்பவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் அசையாமல் இருக்கிறார். அவருக்கு முன் இரண்டு தேர்வுகள்: மூன்றே விநாடியில் பலமான மின்னதிர்ச்சி, அல்லது 27 விநாடி கழித்து அதைவிட லேசான அதிர்ச்சி. எதை எடுப்பார்?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 32 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. வலியை மட்டும் கணக்குப் பார்த்தால் லேசானதுதான் லாபம். ஆனால் ஒரு சாரார் திரும்பத் திரும்பப் பலமானதையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அரை நிமிடத்துக்கும் குறைவான காத்திருப்பைத் தவிர்க்க, கூடுதல் வலிக்கே அவர்கள் தயார்! அதிர்ச்சி வருவதற்கு முன்பே அவர்கள் மூளையில் வலியோடு தொடர்புள்ள சில பகுதிகள் வேலை செய்யத் தொடங்கியிருந்தன. அவற்றில் முக்கியமானவை, வலியின் மேல் கவனம் குவிவதோடு சம்பந்தப்பட்டவை. வரப்போகும் அடியை எண்ணி மனம் பாதத்தை விட்டு நகரவே இல்லை. காத்திருந்த ஒவ்வொரு விநாடியும் அவர்களுக்கு ஒரு செலவு. அவர்கள் தேர்வு எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது.

அப்படியென்றால், பிடிக்காத வேலையை நாம் எல்லோருமே முதலில் முடித்துவிட வேண்டுமே? ஸ்கேனருக்குள் தப்பிக்க வழியில்லை. வீட்டில் இருக்கிறது.

இறந்துபோன அப்பாவின் வங்கிக் கணக்கை முடிக்க வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பீரோவைத் திறந்து பழுப்புக் கவரை எடுக்கிறோம். இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்கள், ஓரம் மடங்கிய பாஸ்புக், அதில் அவர் கையெழுத்து. நெஞ்சு கனத்துப்போகிறது. ‘திங்கட்கிழமை பார்த்துக்கலாம்’ என்று கவரை உள்ளே வைத்ததும் அப்பாடா என்றிருக்கிறது. வினையே அந்த நிம்மதியில்தான். தள்ளிப்போட்டதற்குக் கையோடு பரிசு கிடைத்துவிட்டது. மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை கவர் கண்ணில் பட்டதுமே கை பீரோவை மூடப் பார்க்கும்.

உளவியலாளர்கள் ஃபூஷியா சிரோயிஸும் டிமோத்தி பிச்சிலும் 2013இல் இதைத்தான் விளக்கினார்கள்: தள்ளிப்போடுகிறவர் வேலையைவிட, அது கிளப்பும் மனநிலையிலிருந்தே தப்பிக்கப் பார்க்கிறார். சோம்பேறி என்ற பட்டம் எத்தனை பேருக்கு அநியாயமாகச் சூட்டப்பட்டிருக்கிறது!

தப்பித்ததற்கு வட்டி பின்னால் வரும். டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். கடைசியில் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அவர்களுக்கே அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

மீள்வதற்கு வைராக்கியம் தேவையென்று நினைக்கிறோம். அதைவிட எளிய வழி ஒன்றை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சோதித்திருக்கிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். ‘இந்த வாரம் முடிச்சிடணும்’ என்பதற்கும், ‘நாளைக் காலை பத்து மணிக்கு, காப்பி குடித்த கையோடு இ-சேவை மையம்’ என்பதற்கும் அவ்வளவு தூரம். பத்து மணி ஆனதும் யோசிக்க எதுவும் மிச்சமில்லை; எழுந்து போக வேண்டியதுதான்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாயிற்று என்றால்? கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அந்த அளவு தள்ளிப்போடவில்லை. திட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் குற்ற உணர்வும் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதைத் திறக்காமல் இருக்க இன்னொரு காரணம் சேர்ந்துவிடுகிறது.