எந்த ஜெல் நல்ல ஜெல்?

ரெஸ்டிலேன், ஜுவடெர்ம், பெலோடெரோ, ப்ரோஃபைலோ. பெட்டி வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் ஹயலூரோனிக் அமிலம்தான். தோலுக்குப் பொலிவு தர ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர் முன்னால் இவற்றில் ஒன்றை வைத்து, ‘ஆய்வகச் சோதனையில் இதுதான் முதலிடம்’ என்று சொன்னால் நம்பலாமா? அவசரப்பட்டு நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934-இல் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள மனித உடலில் இது ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. அதில் பாதி தோலில். ஒவ்வொரு நாளும் சுமார் மூன்றில் ஒரு பங்கை உடல் சிதைத்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்கிறது. அதனால் அமிலத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாட்களில் காணாமல் போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் பி.டி.டி.இ. என்ற வேதிப்பொருளால் அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறார்கள். எவ்வளவு பிணைப்பது, எப்படிப் பிணைப்பது என்பதில்தான் ஒரு ஜெல் இன்னொன்றிலிருந்து மாறுபடுகிறது.

அந்த வேறுபாட்டை அளக்கும் முக்கியக் கருவி ரியோமீட்டர். இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிறிது ஜெல்லை வைத்து, மேல் தட்டை மிக மெல்ல இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். ஜெல் எவ்வளவு விசையோடு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு ‘ஜி பிரைம்’ என்று பெயர். விளம்பரத் தாள்களில் அடிக்கடி தென்படுவது இந்த எண்தான். இது உயர்ந்திருந்தால் ஜெல் விறைப்பானது. தாடை, கன்ன எலும்பு போன்ற இடங்களைத் தூக்கி நிறுத்த உதவும்.

ஆனால் தோலின் தன்மையை மேம்படுத்துவது வேறு வேலை. அங்கே சிறு சிறு துளிகளாகச் செலுத்தப்படும் ஜெல் பரவிக் கலந்துவிட வேண்டும். இட்லி மாவு நிற்க வேண்டும், தோசை மாவு பரவ வேண்டும். கெட்டியாக இருப்பதால் ஒன்று மற்றதைவிட உயர்ந்ததாகிவிடாது. மெல்லிய தோலுக்குக் கீழே பொருந்தாத ஜெல்லை வைத்தால் மேடு தட்டும், சில நேரம் நீலம் பாரித்தும் தெரியும். ப்ரோஃபைலோவில் பி.டி.டி.இ. இல்லை, வெப்பத்தால் பதப்படுத்தி, 2 மில்லி லிட்டரில் 64 மில்லி கிராம் அமிலத்தை அடைத்திருக்கிறார்கள். விறைப்பை வைத்துப் பட்டியலிட்டால் அது கீழேதான் நிற்கும். பரவுவதற்காகவே செய்த பொருளை விறைப்பு இல்லை என்று எப்படிக் குறை சொல்வது? கன்னத் தோலை வழவழப்பாக்க 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஸ்கின்வைவில் அடர்த்தி மில்லி லிட்டருக்கு 12 மில்லி கிராம் மட்டுமே.

இதைவிட எனக்குக் கவலை தருவது, எண்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வழக்கம். ஒரே ஜெல்லை நொடிக்கு ஒரு முறை அசைத்தால் ஒரு ஜி பிரைம். பத்து நொடிக்கு ஒரு முறை அசைத்தால் அதைவிடக் குறைந்த இன்னொன்று. வெப்பநிலையை மாற்றினாலும் எண் மாறும். ஆகவே ஒரு நிறுவனத்தின் தாளிலிருந்து ஓர் எண்ணையும் மற்றொன்றின் தாளிலிருந்து வேறோர் எண்ணையும் எடுத்து ஒப்பிடுவது பயனற்ற வேலை. எல்லா ஜெல்களையும் ஒரே கருவியில், ஒரே முறையில் அளந்திருக்க வேண்டும். யார் பணத்தில் அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வெளியான ஒப்பீடுகளில் பலவற்றின் பின்னால் தயாரிப்பாளர்களே இருக்கிறார்கள்.

ஒட்டுந்தன்மைக்குத் தனிச் சோதனை உண்டு. சாயம் ஏற்றிய ஜெல்லைத் தண்ணீருக்குள் பிதுக்கிக் கலக்கி, அது ஒரே திரளாக நிற்கிறதா, துகள்களாகச் சிதறுகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்த ஆறு ஜெல்களை இப்படிச் சோதித்து, 5 படிகள் கொண்ட அளவுகோலில் வரிசைப்படுத்திய ஆய்வு 2015-இல் வந்தது. உருப்படியான வேலை. ஆனால் நம் தோல் ஒரு குவளைத் தண்ணீர் இல்லையே! சிரிப்பதும் மெல்லுவதும் ஜெல்லை நாள் முழுக்க அழுத்துகின்றன. மாதங்கள் கழித்து வரும் கட்டிகளையோ, உடலின் எதிர்ப்பு அழற்சியையோ எந்த ரியோமீட்டரும் முன்கூட்டிக் காட்டாது. அவை நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தால்தான் தெரியவரும்.

நான் முதலில் தேடிப் படிப்பது நொதிச் சோதனையைத்தான். ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊற்றி ஜெல் எவ்வளவு விரைவில் கரைகிறது என்று அளப்பார்கள். மெதுவாகக் கரைவதை ‘நீடித்த பலன்’ என்று விற்கலாம். ஆனால் ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் ஜெல் போய்விட்டால் தோல் அழுகலாம். கண்ணுக்குப் போகும் தமனியை அடைத்தால் பார்வையே போகலாம். அந்த நேரத்தில் உடனே கரைவதுதான் வேண்டும். எவ்வளவு நொதி தேவை என்பது ஜெல்லுக்கு ஜெல் மாறும். அதனால் ஊசி போடும் அறையில் ஹயலூரோனிடேஸ் தயாராக இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பெட்டியில் உள்ள தொகுதி எண் ஸ்டிக்கரை உங்கள் சிகிச்சைக் குறிப்பில் ஒட்டச் சொல்லி, அதைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.