நீருக்குப் பதில் ஹைட்ரஜன்

பாலியெஸ்டருக்கு ஆல்கஹாலும் வேண்டும், அமிலமும் வேண்டும். இரண்டும் இணையும்போது நீர் வெளியேறும். பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் இந்த வழியில் வருவதே. அமிலத்தை விட்டுவிட்டு, ஆல்கஹாலிலிருந்தே பாலியெஸ்டர் நெய்யும் வழியும் இப்போது உண்டு. அதைத் திறந்துவிட்டது ருத்தேனியம் என்ற உலோகத்தைக் கொண்ட ஒரு வினையூக்கி.

2005இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் மில்ஸ்டீன் குழு அதை உருவாக்கியது. நடுவில் ருத்தேனியம் அணு. பிரிடின் வளையமும் அதன் இரு கைகளும் அந்த அணுவை இடுக்கிபோலப் பற்றியிருக்கும். ஆல்கஹாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இது கழற்றினால் ஆல்டிஹைடு பிறக்கும். அதோடு இன்னொரு ஆல்கஹால் சேர, மேலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கழன்று எஸ்டர் கிடைக்கும். உலோகம் தனியாக உழைக்கவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்வது. வளையமும் தன் அரோமாட்டிக் தன்மையை இழந்தும் மீட்டும் புரோட்டானை வாங்கிக் கொடுக்கிறது. ஆக்சிஜனேற்றி எதுவும் தேவையில்லை. உடன்விளைவு ஹைட்ரஜன் வாயு மட்டுமே, அதுவோ எரிபொருள்.

2007இல் சிதம்பரம் குணநாதனும் மில்ஸ்டீனும் சகாக்களும் ஆல்கஹாலோடு அமீனைச் சேர்த்து இதே பாணியில் அமைடு செய்தார்கள். நைலான் அமைடுகளின் சங்கிலி என்பதால், அதற்கான பாதை இது.

இரு முனையிலும் ஆல்கஹால் தொகுதி உள்ள டையாலை எடுத்தால் எஸ்டர் சங்கிலியாக நீளும். ஆனால் நீளமான சங்கிலி எளிதில் வாய்ப்பதில்லை. முனைகளில் 99 சதவீதம் வினைபுரிந்தாலும் சராசரியாக 100 அலகுகளே கோக்கும். ஹைட்ரஜன் கலத்திலேயே தங்கினால் வினை பின்வாங்கிவிடும். 2012இல் அமெரிக்காவில் நிக்கலஸ் ராபர்ட்சன் குழு வெற்றிடத்தில் ஹைட்ரஜனை இழுத்தெடுத்து, பத்துக் கார்பன் டையால் போன்றவற்றிலிருந்து நீண்ட பாலியெஸ்டர் சங்கிலிகளை உருவாக்கியது. 1930 வாக்கில் டூபாண்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் கரோதர்ஸின் குழு, பழைய வழியில் வெளியேறும் நீரை இப்படித்தான் வெற்றிடத்தில் விரட்டியது. எல்லா டையாலும் இணங்குவதில்லை. நான்கு கார்பன் கொண்ட பியூட்டேன்டையால் சங்கிலியாகாமல் தன்னையே சுற்றி வளையமாகிவிடும்.

வினை பின்வாங்கும் இந்தக் குணத்தைத்தான் நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். இதே வகை வினையூக்கியோடு ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தினால் பாலியெஸ்டர் திரும்ப ஆல்கஹாலாக உடையும். பெட் பிளாஸ்டிக்கை ராபர்ட்சன் குழு 2014இல் இப்படிப் பிரித்தது. அதன் அமிலப் பகுதிகூட ஆல்கஹாலாகவே வெளிவந்தது. உருக்கி வார்க்கும் மறுசுழற்சியில் சங்கிலிகள் அறுந்து தரம் குன்றும்; இங்கே மூலப்பொருளே கைக்கு வருகிறது. நைலானை உடைக்கும் முறையை மில்ஸ்டீன் குழு 2020இல் வெளியிட்டது. ருத்தேனியம் அரிய உலோகம், விலையும் அதிகம். அதனால் மலிவான மாங்கனீசு, இரும்பு அணுக்களை இதே இடுக்கியில் பொருத்திப் பார்க்கும் வேலை பல ஆய்வகங்களில் நடக்கிறது.