கலங்கல் தெளிக்கும் கிழங்கு மாவு

கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுற்றினால் அழுக்கு அடியில் படியும். தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலந்தாலும் அப்படியே. இரண்டும் நாம் விற்கும் சரக்குகளே. இந்த வேலைக்கு இப்போது மரவள்ளி மாவும் உதவுகிறது.

சாயக் கழிவுநீரிலுள்ள சாயமும் நுண்துகளும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையவை. துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் படிவதில்லை. மாவை இரசாயன முறையில் மாற்றி நேர்மின்னூட்டம் ஏற்றினால், அதன் நீண்ட இழைகள் இவற்றைக் கவர்ந்து திரளாக்கிப் படியவைக்கும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிஅக்ரிலமைடைவிட இது எளிதில் மக்கும்.

ஆயினும் கரைந்த உப்பு இதனால் நீங்காது. நொய்யல் மாசினால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நாம் மறக்கவில்லை. உப்பை நீக்கச் சவ்வு வடிகட்டல் போன்ற வேறு முறை வேண்டும்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலை உபயோகத்திற்கு மாற்றிய மாவு உண்ணத் தக்கதல்ல. ஆனால் கண்ணுக்கு எல்லாம் வெள்ளை மாவுதான். எனவே இம்மூட்டைகளை உணவுச் சரக்கோடு அடுக்க வேண்டாம். பில்லிலும் மூட்டையிலும் ‘தொழிற்சாலை உபயோகத்திற்கு மட்டும்’ என்று எழுதுவோம். ஒரு மூட்டை மாறினால், பல வருட நாணயம் போய்விடும்.