மூட்டையோடு வந்த தெள்ளு

எலி கூடினா கொள்ளைநோயும் கூடும் எண்டுதான் நாமெல்லாம் நினைப்போம். முதலாம் உலக யுத்த காலத்துக் கொழும்பு வேறொரு பாடத்தைச் சொல்கிறது.

1914 ஆரம்பத்தில் கொழும்பில் பிளேக் தெரியவந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. செப்டெம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. கடல் எவ்வளவு ஆபத்தானாலும் அரிசிக் கப்பல் வராமல் இலங்கையில் அடுப்பெரியாது. பர்மாவிலும் இந்தியாவிலும் இருந்து வந்த மூட்டைகளை நாட்டாமிமார் சுமந்து புறக்கோட்டைக் களஞ்சியங்களில் அடுக்கினார்கள். நோயும் அந்தச் சுற்றாடலில்தான் வேரூன்றியது.

எலி இல்லாத இடம் கொழும்பில் ஏது? பிறகு ஏன் புறக்கோட்டைக்கு மட்டும் இந்தக் கஷ்டம்? மாநகர நுண்ணுயிரியலாளர் டொக்டர் ஃபேபியன் ஹர்ஸ்ட் எலியின் மயிருக்குள் இருந்த தெள்ளைக் கவனித்தார். ஒன்றுபோலத் தெரிந்தவற்றில் இரண்டு இனங்கள் இருந்தன. நகரில் பரவலாக இருந்தது செனொப்சில்லா அஸ்டியா. அது நோயைக் கடத்துவதில் மட்டம். தானியக் களஞ்சியப் பகுதியில் இருந்ததோ செனொப்சில்லா கியோபிஸ்; பிளேக்கைக் கடத்துவதில் பேர்போனது. மூட்டைகளோடு கப்பலேறி வந்தது அதுதான்.

கடத்தும் விதத்தை பேக்கொட், மார்ட்டின் என்ற இருவர் 1914இல் லண்டனில் விளக்கினார்கள். கிருமி பெருகித் தெள்ளின் இரைப்பை வாயை அடைத்துவிடும். குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. பசி தாங்காத தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கும். கடித்த இடத்தில் கிருமியைக் கக்கும். எலி செத்து உடல் குளிர்ந்தால் தெள்ளு அதை விட்டிறங்கி மனுசரைத் தேடி வரும்.

ஆகவே எலியை அடிச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது எண்டு இருக்க ஏலாது. எந்தக் களஞ்சியத்தில் பிடிபட்ட எலி, அதன் உடம்பில் எந்தத் தெள்ளு, குடலறுத்துப் பார்த்தால் கிருமி இருக்கிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும். கொழும்பின் ஆரம்ப நோயாளர் பலரில் நெறிகட்டி வெளித்தெரியாமல் கிருமி நேரே இரத்தத்தில் பரவியிருந்தது. ஆளைப் பார்த்து நோயை மட்டுக்கட்டுவது கஷ்டம் என்பதால், செத்த எலிதான் முதல் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை பரிசோதகருக்கு எட்டுவது கடைக்காரர் கையில் இருந்தது. கடை மூடுபடுமோ எண்டு பயந்த யாபாரி செத்த எலியைக் கானுக்குள் வீசினால், ஆய்வுகூடம் எவ்வளவு திறமானதாக இருந்தும் பிரயோசனமில்லை. தண்டனைக்குப் பயந்து ஒளிக்கும் ஊரில் பரிசோதகர் குருடர்தான்.

கொள்ளைநோய் வந்தால் நெருக்கமான வீடுகளில் இருக்கும் ஏழைகளின் ஊத்தைதான் காரணம் எண்டு விரல் நீட்டுவது லேசு. புறக்கோட்டையில் ஆபத்து வந்து இறங்கியது, முழு நாடும் தின்ற அரிசியின் மூட்டையோடு. சுமந்தவனுக்குத்தான் தெள்ளு கிட்ட இருந்தது.