காருக்குக் குளிர் காய்ச்சலா?

விடியற்காலை மணி 4.30. கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் என் அக்காள் வீடு. வாரத்தில் மூன்று நாள் அக்காளுக்கு டயலிசிஸ். 6 மணிக்குள் நிலையத்தில் இருக்கவேண்டும். பிந்தினால் அன்றைய முறை தள்ளிப்போகும். அது சின்ன விஷயமல்ல என்பது அந்த நோய் உள்ள வீட்டாருக்குத் தெரியும்.

அன்று நானும் அங்கே தங்கியிருந்தேன். அத்தான் காரை முடுக்கினார். இருமியது, உலுக்கியது, பின்னால் கரும்புகையைக் கக்கியது, நின்றுவிட்டது. மறுபடியும் முடுக்கினார். மறுபடியும் அதே கதை. அக்காள் முன் ஆசனத்தில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான்காம் தடவைதான் இஞ்சின் பிடித்தது. லயத்து வாசலெல்லாம் ஒரே பெட்ரோல் வாடை!

ஏதோ ஒரு நாள் வந்த கோளாறு என்றால் இதை எழுத வேண்டியதில்லை. இரண்டு மாதமாக இதே பாடு. பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். முதலில் ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. பிறகு ஏர் ஃபில்டர். அதற்குப் பிறகு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியவே, ஸ்கேனரைப் பூட்டிப் பார்த்து, “காற்றுச் சூட்டைப் பார்க்கிற சென்சர் போய்விட்டது” என்று அதையும் மாற்றினார்கள். பத்து நாள் வண்டி பசுமாடு போல் சாதுவாக இருந்தது. பதினோராம் நாள், பழைய குருடி கதவைத் திறடி! அதற்குள் 640 வெள்ளி கரைந்திருந்தது. இனிமேல் காரின் கணினியையே மாற்றவேண்டும் என்றார்களாம். சொன்ன தொகை அத்தானின் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது.

அந்தப் பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஸ்கேனர் சொன்னதைச் செய்தார்கள். ஸ்கேனர் சொன்னது என்ன என்பதைத்தான் சரியாகக் கேட்கவில்லை.

நான் லோரி ஓட்டியே தலை நரைத்தவன். கார்பரேட்டர் காலத்து ஆள். 1985-இல் வந்த முதல் சாகா, 1994-இல் வந்த முதல் கஞ்சில், எல்லாம் கார்பரேட்டர் வண்டிகள்தாம். உள்ளே போகும் காற்று தன் வேகத்தில் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலா மழையா என்று அது கேட்பதில்லை. கோளாறு என்றால் ஜெட்டைக் கழற்றி ஊதுவோம், திருகாணியைத் திருப்புவோம், போய்க்கொண்டே இருப்போம். இன்றைய கார் அப்படியல்ல. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒரு கணினி கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கிற்கு அது கேட்கும் கேள்விகளில் ஒன்று: “வருகிற காற்று எத்தனை டிகிரி?”

ஏன் கேட்கவேண்டும்? குளிர்ந்த காற்று நெருக்கமாக இருக்கும். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டியில் அடைபடும் காற்று 0 டிகிரியில் ஏறக்குறைய 1.29 கிலோ எடையிருக்கும். நம் ஊர் 30 டிகிரியில் அதுவே 1.16 கிலோதான். ஒரு கிராம் பெட்ரோல் ஒழுங்காக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆகவே காற்றின் எடை தெரியாமல் பெட்ரோலை அளக்க முடியாது. காற்று குளிர்ந்திருக்கிறது என்று கணினியிடம் பொய் சொன்னால், அது கூடுதல் பெட்ரோலை ஊற்றும். கரும்புகை, பெட்ரோல் வாடை, கரி பிடித்த பிளக் எல்லாம் அப்படி வருபவை. சூடாக இருக்கிறது என்று பொய் சொன்னால் பெட்ரோல் குறையும், பொறி விடும் நேரமும் பிந்தும். மேட்டில் வண்டி இழுக்காது.

அந்தச் சென்சர் என்பது உண்மையில் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு தெர்மாமீட்டர். சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியிலோ அதை அடுத்த குழாயிலோ செருகியிருக்கும். சிலவற்றில் வேறு சென்சரோடு சேர்ந்தே இருக்கும். அதன் மூக்கில் மணி போன்ற ஒரு பொருள். சூடு ஏற ஏற மின்சாரத்தை அது தாராளமாக விடும். குளிரக் குளிர இறுக்கிப் பிடிக்கும். கணினி 5 வோல்ட்டை அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து டிகிரியைத் தெரிந்துகொள்கிறது.

இப்போது ஒரு வயர் அறுந்துவிட்டால்? மின்சாரம் போகவே வழியில்லை. கணினிக்கு அது கடுங்குளிராகத் தெரிகிறது. மைனஸ் 40 டிகிரி! (ஃபாரன்ஹீட்டிலும் அது மைனஸ் 40 தான், இரண்டு கணக்கும் ஒன்றாகும் இடம் அது ஒன்றே.) இதைத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தான்.

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பிரிவில் படிக்கிறவன். விடுமுறைக்கு வந்திருந்தான். அக்காள் சொல்லித்தான் வந்து பார்த்தான்.

“மாமா, இன்று ராத்திரி காடியை எடுக்காதீர்கள். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் என்னை எழுப்புங்கள்” என்றான்.

“ஏன் தம்பி, ஸ்டார்ட் பண்ணினால்தானே கோளாறு தெரியும்?” என்று கேட்டார் அத்தான்.

“இல்லை மாமா. ராத்திரி முழுக்க நின்ற காடியில் காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். இரண்டு தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஒன்று பொய் சொல்கிறது.”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை எளிய சோதனை! இத்தனை நாள் காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்த்தான் காட்டினார்கள். சூடான இஞ்சினில் இந்த ஒப்பீடு எப்படிக் கிடைக்கும்?

விடியற்காலையில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் சின்னதொரு கருவியைச் செருகினான். கைப்பேசியில் எண்கள் வந்தன. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் கருவிதான். சாவியைத் திருப்பினான், இஞ்சினை முடுக்கவில்லை. தண்ணீர் 26 டிகிரி. காற்று 3 டிகிரி!

“மாமா, நம் தோட்டத்தில் பனி பெய்கிறதா?” என்று சிரித்தான். கேமரன் மலையில்கூட 3 டிகிரி காண்பது அரிது. போனெட்டைத் திறந்து, சென்சருக்குப் போகும் வயரை விரலால் மெதுவாக ஆட்டினான். எண் 26-க்குத் தாவியது. இன்னும் கொஞ்சம் ஆட்டினான். மைனஸ் 40. மறுபடியும் 3. பிறகு சாக்கெட்டுக்கு நாலு அங்குலம் தள்ளிக் கறுப்பு உறையைப் பிரித்தான். உள்ளே ஒரு வயர் எலி கடித்துக் குதறியிருந்தது. இரண்டே இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவையும் பச்சைப் பாசம் பிடித்திருந்தன.

செம்பனை எலிகளுக்காகத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள். காரின் போனெட்டுக்குள் ஆந்தை வருமா, சொல்லுங்கள்!

பத்து நாள் சாதுவாக ஓடிய புதிரும் அதோடு விளங்கிற்று. புதுச் சென்சரை மாட்டும்போது வயர் அசைந்து, அறுந்த இழைகள் மறுபடி தொட்டுக்கொண்டன. தோட்டத்துச் சாலையின் குலுக்கலில் பிரிந்தன. விடியற்காலையில் மட்டும் தொல்லை ஏன் என்றும் கேட்டேன். புகைக் குழாயில் இன்னொரு சென்சர் உண்டாம். பெட்ரோல் கூடினால் அது கணினியைத் திருத்திவிடும். ஆனால் அது சூடான பிறகுதான் வேலை செய்யும். அதுவரை கணினி தெர்மாமீட்டர்கள் சொல்வதை அப்படியே நம்புகிறது.

பட்டறை ஸ்கேனரில் வந்த எண் ‘பி 0113’ என்று அத்தானின் ரசீதில் எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம், “அந்தச் சென்சரின் மின்பாதையில் வோல்ட் அதிகம்” என்பதே. சென்சர் செத்தாலும் அந்த எண்தான், வயர் அறுந்தாலும் அதே எண்தான், சாக்கெட் கழன்று கிடந்தாலும் அதே எண்தான். ‘பி 0112’ என்றால் நேர் எதிர். வோல்ட் குறைவு, எங்கோ இரண்டு வயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆக, எண் காட்டுவது தெருவை. வீட்டை நாம்தான் தேடவேண்டும்.

பிரித்துப் பார்க்கும் வழியையும் அந்தப் பிள்ளை காட்டினான். சாவி போட்ட நிலையில் சென்சரின் சாக்கெட்டைக் கழற்றினால் கைப்பேசியில் மைனஸ் 40 வரவேண்டும். கழற்றிய சாக்கெட்டின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் 120-க்கு மேல் ஏறவேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் நலம், குற்றவாளி சென்சரே. இணைத்தும் எண் அசையாவிட்டால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: இரண்டு வயர் உள்ள சென்சரில்தான் இந்தச் சோதனை. நான்கு, ஐந்து வயர் உள்ளதில் கண்டபடி இணைத்தால் நல்ல கணினியும் போய்விடும். அங்கே தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சென்சரைக் கழற்றித் தனியாகவும் பார்க்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு கால்களிலும் தொடவேண்டும். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் காருக்குரிய கணக்கைப் பழுதுபார்க்கும் புத்தகத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. எண்ணைவிட முக்கியம் அது இறங்கும் விதம். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டினால் வழுக்கிக்கொண்டு இறங்கவேண்டும். தாவினாலோ அசையாமல் நின்றாலோ அது ஆகாது. (நெருப்புக் குச்சி வேண்டாம். மூக்கு பிளாஸ்டிக்.)

நல்ல சென்சரையும் சந்தேகிக்கும் வேளை ஒன்று உண்டு. வெயிலில் ஓடி வந்து, கடையில் கால்மணி நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் காற்று 60 டிகிரி என்று காட்டலாம். அது பொய்யல்ல, போனெட்டுக்குள் அவ்வளவு வெக்கை. ஓட்டத் தொடங்கியதும் எண் இறங்கும். இறங்காவிட்டால்தான் யோசிக்கவேண்டும். பெட்ரோல் அதிகம் குடிப்பதற்கெல்லாம் இந்தச் சென்சர் மீதே பழி போடவும் கூடாது. காற்றில்லாத டயரும் பிடித்துக்கொண்ட பிரேக்கும் அதே வேலையைச் செய்யும்.

அத்தான் காரில் கெட்டுப்போன வயரை வெட்டி, புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, மேலே உறை சுருக்கி முடித்தான். சாமான் செலவு 12 வெள்ளி. கூலி வாங்க மறுத்துவிட்டான்; அக்காள் விடவில்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். பட்டறைக்காரர்கள் கழற்றிய பழைய சென்சரைப் பெட்டியோடு கொடுத்திருந்தார்கள். அதையும் சோதித்தோம். 30 டிகிரியில் 1,700 ஓம். சூடு காட்டியதும் அழகாக இறங்கியது. அது கெடவே இல்லை! இப்போது காரின் முன் பெட்டியில் உபரியாக இருக்கிறது.

போன வாரம் அக்காள் வீட்டுக்குப் போனபோது, இருட்டிய பிறகு அத்தான் போனெட்டைத் திறந்துவிட்டு உள்ளே வந்தார். வெளிச்சமும் காற்றும் இருந்தால் எலி தங்காதாம். அக்காளும் நாய்க்குச் சோறு வைக்கும் தட்டைக் கார் நிற்கும் இடத்திலிருந்து எடுத்து, கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தாள்.