புகார் இல்லாத ஆலை

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புத் திட்டங்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையால்தான் அளக்கிறார்கள்: எத்தனை பயிற்சி வகுப்பு, எத்தனை சுவரொட்டி, எத்தனை புகார். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனங்கள் தரும் ஆண்டறிக்கையிலும் வந்த புகார், முடித்த புகார் என்ற கணக்கே முதன்மை. புகாரே வராத ஆலை பத்திரமான ஆலையாகவும் இருக்கலாம். வாய் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் உள்ள ஆலையாகவும் இருக்கலாம். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பூஜ்ஜியம்தான்.

பெண்ணிய நோக்கிலான பங்கேற்பு மதிப்பீடு இந்த இடத்தில்தான் மாறுபடுகிறது. எதை வெற்றி என்பது, எதை அளப்பது என்ற முடிவிலேயே பெண் தொழிலாளர்களுக்குப் பங்கு உண்டு. ஆலையின் வரைபடத்தை அவர்களே போட்டு, பயமான இடங்களைக் குறிப்பார்கள். குடோன், விடுதி வாசல், இரவு ஷிப்ட் முடிந்து ஏறும் வேன் எனப் புகார்ப் பதிவேட்டில் இடம்பெறாதவை அதில் வரும். டார்கெட் முடியாதபோது சூப்பர்வைசர் வீசும் வசைச்சொல்லும் வரும்.

இதற்கு நெருங்கிய உதாரணம் திண்டுக்கல்லில் இருக்கிறது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் நாச்சி அப்பாரல் ஆலையில் வேலைசெய்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கிருந்த சூப்பர்வைசர் மீது வழக்குப் பதிவானது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் பாலின வன்முறையைத் தடுக்க அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தன. எச்&எம், கேப், பிவிஹெச் ஆகிய ஆடை பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. பெண் தொழிலாளர்களே பயிற்சி பெற்றுத் தையல் லைன்களில் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். வெளியிலிருந்து வந்து போகும் தணிக்கையாளர் கண்ணில் படாதது தினமும் பக்கத்து மெஷினில் உட்காருபவருக்குத் தெரியும்.

முதலாண்டில் 185 குறைகள் பதிவாகின. அவற்றில் 23 பாலின வன்முறை, துன்புறுத்தல் தொடர்பானவை; ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டதாக ஒப்பந்தத் தரப்பினரின் அறிக்கை கூறுகிறது. பழைய கணக்கில் இது ஆலைக்குக் கெட்ட பெயர். பங்கேற்பு மதிப்பீட்டில், பேசப் பயம் குறைந்ததன் அடையாளம்.

இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. கலந்துரையாடலுக்கு நிர்வாகமே ஆள் பொறுக்கினால் எல்லாம் வீண். கூட்டத்துக்கு வரும் நேரத்துக்குக் கூலி பிடித்தால் யாரும் வரமாட்டார்கள். வடமாநிலப் பெண்களிடம் அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டும். சிறிய லைனில் 'ஒருவர் சொன்னார்' என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனவே அறிக்கையில் எது வரக்கூடாது என்பதையும் சொன்னவரே தீர்மானிக்க வேண்டும். புகார் கொடுத்தவர் அடுத்த ஆண்டும் அதே வேலையில் இருக்கிறாரா என்று பார்க்காத மதிப்பீடு அரைகுறைதான்.